எந்த ‘ஆவும்’?

“ஆவுமா?” என்று யாராவது கேட்டால் என் நாத்தனார் உடனே பதில் சொல்ல மாட்டாள். கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்து, “எந்த ஆவும்?” என்று திருப்பிக் கேட்பாள். கிழிந்த வலையை இன்றைக்குள் தைத்து முடிக்கலாமா என்று கேட்டவனுக்கும் இதே கேள்விதான். பொன்னேரிப் பக்கம் பெண்ணைக் கொடுக்கலாமா என்று யோசனை கேட்க வந்த பெரியவருக்கும் இதே கேள்விதான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஒரு பேச்சுக்குக் கேட்டா, இன்னாம்மா இது பேஜாரு” என்று எழுந்து போய்விட்டார்.

பசியாவரத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். சுற்றிலும் ஏரி. படகில்லாமல் எங்கேயும் போக முடியாது. காற்றையும் தண்ணீரையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் எதற்கும் “ஆவும், ஆவும்” என்று சொல்லிக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்க வேண்டும். இவள் ஒருத்தி வந்து, எந்த ஆவும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஊருக்கு எப்படியிருக்கும்? எனக்கே பல நாள் அலுத்துப்போயிருக்கிறது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, “அக்கா, நீங்க வர்றதுக்குள்ள வெந்துடுமா?” என்று சும்மா கேட்டால்கூட, குனிந்து அடுப்பைப் பார்த்து, விறகைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் பேசுவாள். பாதி நாள் அதற்குள் அரிசி வெந்துவிடும்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது அவள் அங்கே இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதையே யாரும் பேசுவதில்லை. ஒரு பங்குனியில், பழவேற்காட்டிலிருந்து வந்த ஓடத்தில், முழங்கால் மறைய ஏதோ பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு, தலையில் துணி போர்த்தி, ஒரு பெண்பிள்ளை வந்து இறங்கினாள். என் புருஷன் பெயரைச் சொல்லி, அவன் வீடு எது என்று கேட்டாள். சிறு பெண் பேசுவது மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. நாற்பது வயதுக்காரி, பால் பல் விழாத குழந்தைபோல, “பசிக்குது, தண்ணி குடு” என்று கேட்டாள். என் புருஷன் வெளியே வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, “அக்கா” என்றான்.

பஞ்சம் வந்த வருஷம் அவர்கள் நைனா அவளைக் கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவனிடம் நெல்லுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நெல்லில்தான் என் புருஷன் பிழைத்தான். அவள் எங்கெங்கோ கை மாறி, கடைசியில் மணிலாவில் ஒரு எஸ்பானியப் பெண்மணியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய தமிழ் அவளைக் கப்பலேற்றிய வயதிலேயே நின்றுவிட்டது. வளர்ந்தது, நோய்வாய்ப்பட்டது, பிள்ளை பெற்றது, துக்கப்பட்டது எல்லாம் அந்த இன்னொரு மொழியில். அதனால் தமிழில் அவளுக்கு நல்லது, கெட்டது, பசி, தூக்கம், ஆவும், ஆவாது என்று கொஞ்சம் வார்த்தைகள்தான் இருந்தன. எங்களோடு இருந்து மற்றதைக் கற்றுக்கொண்டாள். ஆனால் இந்த ‘ஆவும்’ மட்டும் அவளுக்குக் கடைசிவரை போதவில்லை. ஊர் அவளை மணிலாக்காரி என்றது. அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் ஒரு துபாசி இருந்தார். ஒல்லாந்தர் மொழி, போர்த்துக்கீசு, தெலுங்கு, தமிழ் எல்லாம் அறிந்தவர், நல்ல மனுஷர். மணிலாவுக்குத் துணி ஏற்றுகிற அர்மேனிய வியாபாரியின் கப்பல் வரும்போது மட்டும் அவருக்குச் சங்கடம். அதை ஓட்டி வரும் மாலுமி எஸ்பானிய மொழிதான் பேசுவார். போர்த்துக்கீசு தெரிந்தவருக்கு அது பாதி புரியும். மீதிப் பாதியில் சண்டை வரும். அதனால் கப்பல் வந்தால் துபாசி ஓடம் அனுப்பி என் நாத்தனாரைக் கூப்பிடுவார். இவள் கரையில் நின்று, மாலுமி சொல்வதைப் படகுக்காரர்களுக்கும் படகுக்காரர்கள் சொல்வதை மாலுமிக்கும் சொல்வாள். மற்ற நாளெல்லாம் என்னோடு உட்கார்ந்து இறால் உரிப்பாள்.

ஒரு நாள் உரித்துக்கொண்டிருக்கும்போது, அப்படி என்னதான் யோசிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவளுக்கு விளக்கிச் சொல்ல வராது. இறால் தோலைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“அங்க ஆவும்ன்றதுக்கு ஒரு வார்த்த இல்ல மே. போசிப்ளேன்னு ஒண்ணு. அது தெய்வம் நெனச்சா ஆவும். அசெதேரோன்னு ஒண்ணு. அது நம்ம கையால ஆவும். பிராக்திகாப்ளேன்னா வழி உடும், போவலாம். ஃபாக்தீப்ளேன்னு ஒண்ணு கீது, அது நாற்காலில குந்திக்கினு சொல்றவங்களுது. ஆவும்பாங்க. செய்யிறது வேற ஆளு.”

அந்த வீட்டில் சமையல் செய்த ஒரு கிழவிதான் இதையெல்லாம் அவளுக்குப் பிரித்துக் காட்டினாளாம். எஜமானி வாயால் ‘போசிப்ளே’ என்று வந்தால் அந்த வேலைக்காக அடுப்பு மூட்டாதே, ‘அசெதேரோ’ என்று வந்தால் மூட்டு என்பாளாம். சொல்லிவிட்டு என் நாத்தனார் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

எனக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்துவிட்டான். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தான்; அழக்கூட சத்தம் வரவில்லை. மருத்துவம் பார்த்தவள், பக்கத்து வீட்டுக்காரிகள், என் அம்மா எல்லாரும் பொழைச்சிடுவான், பொழைச்சிடுவான் என்றார்கள். அடுத்த வாரம் தொட்டில் கட்டலாம் என்றுகூட ஒருத்தி சொன்னாள். என் நாத்தனார் ஒரு மூலையில் துணியை அனலில் காட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையைச் சுற்ற அந்தச் சூட்டுத் துணியைக் கொண்டுவந்தபோது, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பொழைப்பானா அக்கா?

அவள் வழக்கம்போல் எந்த ஆவும் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “போசிப்ளே” என்றாள்.

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயில் வந்தபடி அவளைத் திட்டினேன். பிள்ளை வரம் இல்லாதவள் கண் பட்டுவிடும் என்றேன். அவளுக்கு ஒரு பிள்ளை உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் அடுத்த துணியை அனலில் காட்டப் போனாள். நான் பிள்ளையை மார்பிலிருந்து இறக்கவில்லை. என் அம்மா வந்து, தூங்கு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று எத்தனை தடவை கேட்டும் கொடுக்கவில்லை. சில நாள் இருந்தான். என் மேலேயே போனான். ஊரார் சொன்னதை நம்பியிருந்தால் அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இதை அவளிடம் ஒருபோதும் நான் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஏதாவது நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அவளிடம்தான் போவேன். ஆறுதல் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போவேன்.

பிறகு ஒரு ஆடி மாதம் வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. மீன் இல்லை, இருந்த இறாலும் விரலளவுகூட இல்லை. அர்மேனியரின் கப்பல் தாமதமாக வந்து, கடலில் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. கரையில் கோட்டைக்குப் பக்கத்துக் கிடங்கில் கட்டம் போட்ட துணிப் பொதிகள் கூரை முட்டக் கிடந்தன. அதையெல்லாம் படகில் ஏற்றி, ஏரி வழியாகப் போய், முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் கப்பலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய எட்டுப் படகும் எங்கள் ஊர் ஆட்களுடையது. அந்த வேலை கிடைத்தால் புரட்டாசியில் மீன் திரும்பும்வரை ஊரில் அடுப்பெரியும். கிடைக்காவிட்டால் எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

கப்பல் இன்னும் ஒரு நாளுக்கு மேல் நிற்காது என்றார்கள். காற்று திரும்பிவிட்டால் மணிலாவுக்குப் போக முடியாதாம்.

ஆண்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு நாங்களும் முகத்துவாரத்துக்குப் போயிருந்தோம். மணல் மேடு எழும்பி, நடுவில் தண்ணீர் இடுப்பளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியே அலை, ஒன்று உடைந்து முடிவதற்குள் அடுத்தது உடைந்தது. வெறும் படகு போய்விடும். பொதி ஏற்றிய படகு மணலைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். நின்ற படகை அடுத்த அலை புரட்டிவிடும். அங்கே நின்றிருந்த எல்லாருக்கும் இது தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மாலுமி காலையில் ஒரு கட்டுமரத்தில் வந்து இறங்கியிருந்தார். உடம்பெல்லாம் நனைந்து, தொப்பி போய், தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. வந்ததும் முதலில் என் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். துபாசியும் பக்கத்தில் நின்றார். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கால் மணலைத் தட்டிக்கொண்டு, படகுக்காரர்கள் பக்கம் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் தாங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன்.

மாலுமி கேட்டதை அவள் ஊர்த் தலைவரிடம் சொன்னாள். எட்டுப் படகும் பொதியோடு இன்றைக்கே கப்பலுக்குப் போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி.

தலைவர் படகுக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் புருஷன் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தான்.

“ஆவும்னு சொல்லு” என்றார் தலைவர்.

“எந்த ஆவும்?” என்று கேட்டாள் அவள்.

கூட்டத்தில் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. தலைவர் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில், “யம்மா, நீ ஆவும்னு மட்டும் சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

“ஒரு படகு போவுமா? எட்டும் போவுமா?”

“போறது போவும்.”

அவள் திரும்பி அலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மாலுமியிடம் பேசினாள். தலைவர் சொன்னது ஒரு வார்த்தை. இவள் பேசியது அதைவிட நீளம். அதில் ‘போசிப்ளே’ என்று ஒரு தடவை வந்தது. ‘அசெதேரோ’ என்று வந்தபோது கூடவே தலையை இல்லையென்று அசைத்தாள். மாலுமி குரலைத் தாழ்த்தி மறுபடியும் ஏதோ கேட்டார். மிரட்டுகிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் அதே வார்த்தைகளை அதே வரிசையில் திரும்பச் சொன்னாள். துபாசி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலுமி கையை விரித்தார். பொதிகள் கிடங்கிலேயே இருக்கட்டும் என்று துபாசி தமிழில் சொன்னார்.

மாலுமியைக் கப்பலில் விட அதே கட்டுமரம் போயிற்று. இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். கட்டுமரம் அலையில் ஏறி நின்றது, மறைந்தது, அப்புறம் அந்தப் பக்கம் தெரிந்தது. வெயில் சாய்வதற்குள் அந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். சாயந்திரம் அலைகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

“ஆச்சே” என்று ஒருவன் அவள் காதில் விழும்படி சொன்னான்.

“ஆச்சு. போசிப்ளேன்னு சொன்னேனே” என்றாள் அவள்.

அதற்குமேல் அவளிடம் யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் கப்பல் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த ஆடியும் ஆவணியும் எப்படிப் போயின என்று சொன்னால் இப்போது யாருக்கும் விளங்காது. சேற்றில் துழாவி நத்தையெடுத்து வேகவைத்தோம். கூழ் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வந்து, கடைசியில் சட்டியின் அடி தெரிந்தது. குழந்தைகள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் சாகாமலிருப்பதே பெரிய வேலையாக இருந்தது. பெண்கள் தண்ணீர் மொள்ளும் இடத்தில் அவள் வந்தால் பானையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எங்கள் படகோடு சேர்ந்து வலை போட யாரும் வரவில்லை. எட்டுப் படகும் போயிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்குமா? ஒன்று கவிழ்ந்திருக்குமா? ஒன்றுமே கவிழாமல் போய்ச் சேர்ந்திருக்குமா? போகாததால் யாருக்கும் தெரியாது. பசி மட்டும் தெரிந்தது.

என் புருஷன் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தான். பிறகு ஒரு காலையில் கேட்டுவிட்டான்.

“தலைவர் சொன்னத நீ சொல்லலக்கா. நீ நெனச்சத சொன்ன. படகு எங்களுது, உசுரு எங்களுது. போறதா வாணாமான்னு சொல்றதுக்கு நீ யாரு?”

அவள் இறால் உரித்த கையோடு நிமிர்ந்தாள்.

“அவரு சொன்னது ஒரு வார்த்த. அந்த பாஷையில அதுக்கு நாலு கீது. ஏதாவது ஒண்ண எடுத்துத்தான் ஆவணும். எத எடுக்கணும்னு அவரையே கேட்டேன். அவரு சொல்லல. நான் எடுத்தேன்.”

“வேற ஒண்ண எடுத்திருக்கலாம்ல?”

“எடுத்திருக்கலாம்” என்றாள். “எனக்கு அது பொய்யா பட்டுச்சு.”

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு பேர் சொன்னதும் சரியென்றுதான் எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான். அவன் உயிர் அவனுடையதுதான். ஆனால் அந்த உயிர் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நீர்த்த கூழ் குடித்தது.

ஆவணி பாதியில் துபாசி ஓடம் ஏறி எங்கள் ஊருக்கு வந்தார். அடுத்த வருஷக் கப்பலுக்குப் படகு பேச வந்தவர், தலைவரைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் நாத்தனார் அப்போது தண்ணீரோரம் போயிருந்தாள். அது அவருக்கு வசதியாக இருந்தது போலும். என் புருஷனைப் பார்த்து, “உங்கக்கா சொல்லியிருக்க மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்” என்று ஆரம்பித்தார்.

அன்றைக்குக் காலையில் மாலுமி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன சேதி, அவள் மகளைப் பற்றியதாம். மணிலாவில் அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள், மாலுமி கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வியாபாரியிடம் பேசி, கப்பலில் இவளுக்கு இடமும் வாங்கியிருந்தார். போகிற வழியெல்லாம் மொழிபெயர்க்கவும், அங்கே துணியை இறக்கும்போது உதவவும் ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி வாங்கிய இடம். பொதி ஏறினால் அவளும் ஏறலாம். பொதி இல்லாவிட்டால் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அந்த இடமும் இல்லை.

“ஆவும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் கடல்ல பாதி தூரம் போயிருப்பாங்க” என்றார் துபாசி. “அந்த மாலுமி கடைசியா கேட்டதும் அதத்தான். நல்லா யோசிச்சு சொல்லுன்னு கேட்டார். எனக்குப் புரிஞ்சுது. நான் வாயத் தொறக்கல.”

துபாசி போனதும் என் புருஷன் ஏரியில் இறங்கினான். சாயந்திரம் எங்கிருந்தோ நாலு நண்டு பிடித்துக்கொண்டு வந்தான். வேகவைத்ததும் தானே ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, அக்காவின் சட்டியில் வைத்தான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினாள்.

மகளைப் பற்றி நான் கேட்டது வெகுநாள் கழித்து. மழை பிடித்துவிட்டது, மீனும் திரும்பியிருந்தது, மற்ற வீட்டுக்காரர்கள் எங்களோடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். அவளாகச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் கேட்டேன்.

எஜமானி சாகும்போது இவளை விடுவித்துவிட்டாள். மகளை விடுவிக்கவில்லை, அந்தப் பெண் எஜமானியின் மகன் வீட்டுக்குச் சேர வேண்டியவளாகிவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. இவளைக் கப்பலில் இந்தப் பக்கத்துக் கரைக்கு அனுப்பிவிட ஏற்பாடாயிற்று. மகளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று இவள் எஜமானியின் மகன் காலைப் பிடித்தாள். அவர் கெட்டவரில்லை என்றாள். குனிந்து தூக்கிவிட்டு, நீ முன்னால் போ, அடுத்த கப்பலில் அவளை அனுப்புவது போசிப்ளே என்றாராம்.

“எனக்கு அந்த வார்த்த தெரியும் மே. அந்த வீட்டுல எல்லாரவிட எனக்குத்தான் நல்லா தெரியும். அன்னிக்கு மட்டும் என் காதுல அது அசெதேரோன்னு உழுந்துச்சு.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. இறால் உரிக்கிற கை மட்டும் நின்றிருந்தது. நானும் நிறுத்தினேன். ஈ மொய்க்க ஆரம்பித்ததும் மறுபடி உரித்தோம்.

அதற்கடுத்த வருஷம் கப்பல் வந்தபோது வேறு மாலுமி. அதற்கடுத்த வருஷம் கப்பலே வரவில்லை. அர்மேனியர் இறந்துவிட்டார், கப்பல் கை மாறிவிட்டது என்றார்கள். பல வருஷம் போனபிறகு, ஊர்த் தலைவர் ஒருநாள் தன் மகன் வாங்கப்போகிற படகைப் பற்றிக் கேட்க அவளிடம் வந்தார். வாசலில் நின்றுகொண்டே, “ஆவுமா, பார்த்துச் சொல்லு” என்றார். எந்த ஆவும் என்று அவள் கேட்பதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் கேட்கவில்லை. “எனக்கு ஓய்ச்சலா கீது. நீங்களே பாருங்க” என்றாள். அவர் அப்படியே திரும்பிப் போனார்.

அவளுக்கு இருமல் பிடித்திருந்தது. கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. இறாலைப் பார்த்து உரிப்பதை விட்டுத் தடவி உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்தப் பழைய மாலுமி இன்னொரு தடவை வந்தார். வேறு ஒருவருடைய கப்பலில், வடக்கே எங்கேயோ போகிற வழியில், தண்ணீர் எடுக்க நின்ற கப்பல். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. துபாசி சொல்லியனுப்ப, நான் அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுத் துறைக்குப் போனேன். துபாசி அவர்கள் பேசுவதைக் கேட்டு, எனக்கு மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் நன்றாக இருக்கிறாள். அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, கப்பல் கட்டுகிற தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். தச்சனுக்கு வேறொரு தீவில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வீடும் நிலமும் உண்டு. ஆனால் மகள் துறைமுகத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறாள். அம்மா கப்பலில் வந்து இறங்கினால் எங்கே தேடுவாள் என்று கேட்கிறாள். இந்தப் பக்கத்துக் கப்பல் எது வந்தாலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரைக்குப் போய் நிற்கிறாள். புருஷனுக்கும் அவளுக்கும் இதனாலேயே ஓயாத சண்டை. மாலுமி இந்தப் பக்கம் வருகிறார் என்று தெரிந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாள். அம்மா வருவது போசிப்ளேயா?

என் நாத்தனார் மாலுமி குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல் யோசிப்பாள், நாங்கள் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்து நான் தலைச்சுமையை இறக்கிக் கீழே வைத்தேன். அவள் யோசிக்கவில்லை. உடனே சொன்னாள். அந்த மொழியில் ‘இல்லை’ என்பதற்கு ஒரே வார்த்தைதான். அது எனக்கும் புரிந்தது.

மாலுமி அதை எடுத்துக்கொண்டு போக விரும்பவில்லை. போசிப்ளே என்று நான் சொல்கிறேனே, அது பொய்யாகாதே, உயிரோடு இருக்கிற யாருக்கும் அது பொய்யில்லையே என்று வாதாடினார். துபாசியும் தமிழில், “அவர் சொல்றது சரிதானேம்மா, அந்தப் பொண்ணு மனசுக்கு ஒரு ஆறுதல்” என்றார்.

“பொய் இல்லதான் ஐயா” என்றாள் அவள். “அதான் வாணாம்ன்றேன். அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினு அவ சாவுறவரைக்கும் அங்கியே நிப்பா. அம்மா வரமாட்டான்னு சொல்லச் சொல்லுங்க. அவ புருஷன் கூட போவட்டும்.”

துபாசி அதைப் போர்த்துக்கீசில் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையமர்த்தி, தானே அந்த மொழியில் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, யாருக்கும் வேறு மாதிரி கேட்டுவிடாதபடி சொன்னாள். மாலுமியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் சொன்னார். ஒரு இடத்தில் தலையை ஆட்டி அவரைத் திருத்தினாள். அவர் மறுபடி சொன்னார். பிறகு அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பீப்பாய்கள் ஏற்றுகிற இடத்துக்கு நடந்துபோனார்.

ஓடத்துக்கு நடக்கும்போது சேறு கணுக்கால்வரை புதைந்தது. அத்தனை வருஷத்தில் கைபிடிக்க விட்டிருக்கிறாளே தவிர, அவளாக என்மேல் சாய்ந்ததில்லை. அன்றைக்கு முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டுவிட்டு, மெதுவாக நடந்து வந்தாள்.